துப்பாக்கி இல்லாத காவல்காரிகள்

(உலக வனக் காவலர் நாளையொட்டி நமது மகளிர் அணி நடத்திய இணையவழிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வனக் காவலர்னு சொன்னதும் நம்ம மனசுல வர்ற உருவம் என்ன? காக்கிச் சட்டை, முறுக்கு மீசை, தோளில் ஒரு துப்பாக்கி. இன்னைக்கு நான் சொல்லப்போறவங்களுக்கு மீசையும் கிடையாது, துப்பாக்கியும் கிடையாது. ஆனா அவங்க நடந்துபோற பாதையில சுருக்குக்கம்பி வைக்க ஆள் யோசிக்கிறான்.

இடம் தென்னாப்பிரிக்கா. குரூகர் தேசியப் பூங்கா என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். தமிழ்நாட்டின் பரப்பில் ஏழில் ஒரு பங்கு வரும், அவ்வளவு பெரிய காடு. அதன் மேற்கு ஓரத்தில் பலுலே என்ற தனியார் வனக் காப்பகம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் வேலி இல்லை. யானையும் சிங்கமும் காண்டாமிருகமும் இங்கேயும் அங்கேயும் போய்வரும். அந்தப் பலுலேயில் 2013ஆம் ஆண்டு, சுற்றுவட்டார ஊர்களைச் சேர்ந்த இளம்பெண்களைத் தேர்ந்தெடுத்து ஒரு காவல் படை அமைத்தார்கள். பெயர் பிளாக் மாம்பா. ஆப்பிரிக்காவின் கொடிய நச்சுப் பாம்பு ஒன்றின் பெயர் அது. பேரு வெச்சதுலயே ஒரு கெத்து இருக்கு இல்லையா?

ஏன் அந்த நேரத்தில் அமைத்தார்கள் என்பதைப் புரிந்துகொள்ள இரண்டு எண்கள் போதும். 2007இல் தென்னாப்பிரிக்கா முழுவதும் கள்ள வேட்டையில் கொல்லப்பட்ட காண்டாமிருகங்கள் 13. 2014இல் 1,215. ஏழே வருஷம்! எல்லாம் அந்தக் கொம்புக்காக. அந்தக் கொம்பு எதனால் ஆனது தெரியுமா? நம்ம விரல் நகம் எதனால் ஆனதோ, அதே பொருள்தான்.

அந்தப் பெண்கள் என்ன செய்கிறார்கள்? நடக்கிறார்கள். அதுதான் வேலை. விடியும் முன்னே எழுந்து வேலியோரமாக நடந்து, கம்பி அறுபட்டிருக்கா, புதுசா காலடித் தடம் இருக்கா என்று பார்க்கிறார்கள். புதருக்குள் மான் போகும் தடத்தில் கட்டிவைத்த சுருக்குக்கம்பிகளைத் தேடி அவிழ்க்கிறார்கள். இரவில் வண்டியில் விளக்கடித்துச் சுற்றுகிறார்கள். ஆள் நடமாட்டம் தெரிந்தால் ஆயுதம் தாங்கிய படைக்குத் தகவல் போகும். சுடுவது இவர்கள் வேலை இல்லை. காட்டுக்குள்ளே எந்நேரமும் ஒரு கண் இருக்கிறது என்று வேட்டைக்காரனுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். 2015இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பு இவர்களுக்குப் 'பூமியின் சாம்பியன்கள்' விருது கொடுத்தபோது ஒரு கணக்குச் சொன்னது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுருக்குக்கம்பிகளை அகற்றியிருக்கிறார்கள், சுருக்கு வைப்பது 76 விழுக்காடு குறைந்திருக்கிறது.

இதோட காண்டாமிருகப் பிரச்சினை தீர்ந்துபோச்சுன்னு நான் கதை விடமாட்டேன். 2023இல்கூட அந்த நாட்டில் 499 காண்டாமிருகங்கள் கொல்லப்பட்டன. கும்பல்களிடம் பணம் இருக்கிறது. காட்டுக்குள் வேலை செய்கிற ஆளையே விலை பேசித் தகவல் வாங்குகிறார்கள். கடனில் தவிக்கிற காவலரை வாங்குவது சுலபம். அதனால்தான் சம்பளம் என்பது இங்கே சின்ன விஷயம் இல்லை.

அப்ப அந்தச் சம்பளம் எங்கிருந்து வருது? "சஃபாரி வர்ற வெள்ளைக்காரன் காசு" என்று பலரும் சொல்வார்கள். பாதி உண்மை. குரூகரில் நுழைவுக் கட்டணம் உள்நாட்டவருக்கு ஒன்று, வெளிநாட்டவருக்கு அதைவிடப் பல மடங்கு. தேசியப் பூங்காக்களை நடத்துகிற அரசு நிறுவனத்தின் வருமானத்தில் பெரும்பகுதி சுற்றுலாவில் இருந்துதான் வருகிறது. குரூகர் சம்பாதிப்பதை வைத்துத்தான், கூட்டம் வராத சின்னப் பூங்காக்கள் பலவும் ஓடுகின்றன. சஃபாரி இல்லாமல் அந்தக் காடுகள் தாக்குப்பிடிக்காது, மறுக்கவில்லை. ஆனால் பிளாக் மாம்பா பெண்களுக்குத் தொடக்கத்தில் ஊதியம் கொடுத்தது எது? நம்ம நூறு நாள் வேலை மாதிரி அங்கே இருக்கிற அரசின் பொதுப்பணி வேலைவாய்ப்புத் திட்டம். மக்கள் வரிப்பணம். இதை யாரும் விளம்பரப் படத்தில் சொல்வதில்லை.

இன்னொன்றையும் சொல்லணும். குரூகர் யாருடைய நிலம்? நிறவெறி ஆட்சியில், 1969இல், பூங்காவின் வடகோடியில் வாழ்ந்த மகுலேகே மக்களைத் துப்பாக்கி முனையில் வெளியேற்றினார்கள். அவர்கள் விடவில்லை. நிறவெறி ஆட்சி ஒழிந்த பிறகு வழக்காடி, 1998இல் 20,000 ஹெக்டேருக்கும் மேலான அந்த நிலத்தைத் திரும்பப் பெற்றார்கள். பெற்றதும் காட்டை அழித்து வீடு கட்டினார்களா? இல்லை. காடாகவே விட்டுவைத்து, சஃபாரி விடுதிகளுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். விருந்தாளி கொடுக்கிற காசில் ஒரு பங்கு இப்போது ஊர்ப் பொதுவுக்கு வருகிறது. பழங்குடிக்கு உரிமை கொடுத்தா காடு போயிடும்னு சொல்றவங்களுக்கு மகுலேகேயைக் காட்டுங்க.

சஃபாரிப் பணத்தில் எனக்கு இருக்கும் பயம் வேறு. அது ஒரே நாளில் நின்றுபோகும். 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தது, பூங்கா மூடியது, விமானம் நின்றது. பல மாதங்களுக்கு வெளிநாட்டுப் பயணி ஒருவர்கூட இல்லை. விடுதியில் வேலை பார்த்தவருக்கு வேலை போனது. வேலை போன வீட்டில் அடுத்த வேளைச் சோற்றுக்கு என்ன வழி? ஒரு முழம் கம்பியும் ஒரு மானும்தான். அதாவது வருமானம் நிற்கிற அதே நேரத்தில்தான் காவல் அதிகம் தேவைப்படுகிறது. கென்யாவின் அம்போசெலி பக்கத்தில் 2019இல் எட்டு மசாய்ப் பெண்களைக் கொண்டு தொடங்கிய பெண் சிங்கப் படை இருக்கிறது. அந்தத் தொற்றுக் காலத்தில் அவர்கள் மாதக்கணக்கில் வீட்டுக்குப் போகாமல் காட்டிலேயே காவல் இருந்தார்கள். சிலர் கைக்குழந்தையை விட்டுட்டு வந்த தாய்மார். பயணி வரலைன்னு அவங்க காவலுக்குப் போகாம இருந்திருந்தா?

அதனால் என் கருத்து இதுதான். சுற்றுலாப் பணம் காட்டின் பராமரிப்புக்கும் ஊரின் பங்குக்கும் போகட்டும். காவல் நிற்கிறவரின் மாதச் சம்பளம் மட்டும் அரசின் நிதிநிலை அறிக்கையில் இருந்து, முதல் தேதியில், தவறாமல் வரணும். கூட்டம் வந்தா சம்பளம், வராட்டி இல்லை என்பது காவலுக்கு ஆகாது.

நம்ம ஊருக்கும் இது பொருந்துமா என்று கேட்பீர்கள். முதுமலையில் சஃபாரி வண்டி ஓடுகிறது. தெப்பக்காடு யானை முகாமில் 2023இல் பெள்ளி அம்மா காவடியாக, அதாவது பாகனுக்குத் துணையாக, நியமிக்கப்பட்டார். தமிழ்நாட்டில் அந்தப் பணிக்கு வந்த முதல் பெண். யானைக்குட்டிகளை வளர்த்து ஆளாக்கிய பிறகுதான் அந்த ஆணை வந்தது! 2006இல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, புலிகள் காப்பகத்துக்குப் பயணிகள் கட்டுகிற நுழைவுக் கட்டணம் அந்தக் காப்பகத்தின் பாதுகாப்பு அறக்கட்டளைக்குச் சேர வேண்டும். சேருகிறது. அதில் எவ்வளவு காட்டோர ஊர்களுக்குப் போச்சு, வேட்டைத் தடுப்புக் காவலில் எத்தனை பெண்கள் இருக்காங்க, அவங்க தினக்கூலியா, மாதச் சம்பளமா? இந்த மூன்று கேள்வியையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுவாக எழுதிவைத்திருக்கிறேன். நீலகிரித் தோழர்கள் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். ஆனைமலைப் பக்கத்துத் தோழர்களும் அவர்கள் காப்பகத்துக்குத் தனியாகப் போடலாம். பதில் வந்ததும் இதே பக்கத்தில் முழுசா வெளியிடுவோம்.

அடுத்து கூடலூர்த் தோழர் பேசுவதற்காகக் காத்திருக்கிறார். யானை வழித்தடம் பற்றி அவருக்கு என்னைவிட நிறையத் தெரியும். ஒலிவாங்கியை அவருக்கு விடுகிறேன்.