ஒரு பொருளுக்கு ஓர் எண்

கண்டி மாநகருக்கு அணித்தாக, மகாவலி கங்கை மூன்று புறமும் வளைந்தோட, 147 ஏக்கர் பரப்பிற் பொலிந்து விளங்குவது பேராதனை அரச தாவரவியற் பூங்கா. அங்கு செல்வோர், மரங்களின் அடியிற் பொறிக்கப்பட்டுள்ள பெயர்ப் பலகைகளைக் கண்டிருப்பர். ஒரே மரத்தைச் சிங்களத்திற் கித்துல் என்பர். தமிழிற் கூந்தற்பனை என்பர். பெயர்கள் ஊருக்கு ஊர் வேறுபடும். மொழிக்கு மொழி மாறும். பொருளோ ஒன்றே. அந்த ஒன்றை உலகின் எம்மூலையில் உள்ளோரும் ஐயமின்றிச் சுட்டுவது எங்ஙனம்? பூங்காவினர்க்கு மட்டுமன்றி, இன்று கணினியிற் பணி செய்வோர்க்கும் உரிய வினா இது.

1849ஆம் ஆண்டிற் பேராதனைப் பூங்காவின் பொறுப்பை ஏற்று, 1880 வரை அதனை நடத்தியவர் ஜோர்ஜ் த்வெயிட்ஸ் என்னும் ஆங்கிலேயர். இலங்கைத் தாவரங்களையெல்லாம் வரிசைப்படுத்தி, 1858க்கும் 1864க்கும் இடையில் இலத்தீன் மொழியில் ஒரு பெருநூலை வெளியிட்டார். காடுகளிலிருந்து கொணர்ந்த செடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணிட்டு, வெளிநாட்டு நிலையங்கள் பலவற்றுக்கும் அனுப்பினார். ‘இலங்கைத் தாவரங்கள்’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்து ‘சீ.பீ.’ என அவ்வெண்களை வழங்குவர்.

அரிய பணியே அது. எனினும் அதில் ஒரு சிக்கல் புகுந்துவிட்டது. த்வெயிட்ஸ் எண்ணிட்டது செடியின் இனத்துக்கேயன்றி, ஒருமுறை பறித்த செடிக்கு அன்று. ஆகவே வெவ்வேறு மலைகளில், வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு மனிதர் பறித்த செடிகள் ஒரே எண்ணின்கீழ் வந்து சேர்ந்தன. பிற்கால ஆய்வாளர் ஒரு சீ.பீ. எண்ணைக் கண்டால், அது எந்த மலையில், எந்த நாளிற் பறித்த செடியைக் குறிக்கின்றது எனத் திகைக்க நேர்ந்தது. எண் இருந்தது, அது சுட்டும் பொருள் ஒன்றாய் இல்லை.

எண் ஒன்றுக்கு மேற்பட்ட பொருளைச் சுட்டலாகாது என்பதை நம் நாட்டார் அண்மையிலும் கண்டனர். முன்னைய தேசிய அடையாள அட்டை இலக்கம், பிறந்த ஆண்டின் கடைசி இரு தானங்களோடு தொடங்கிற்று. 1916இற் பிறந்தவர்க்கும் 16. 2016இற் பிறந்தவர்க்கும் 16. நூற்றாண்டு திரும்பியதும் பாட்டனும் பேரனும் ஓரெண்ணில் மோதும் நிலை. எனவேதான் 2016ஆம் ஆண்டு முதல் ஆண்டினை நான்கு தானங்களில் எழுதும் பன்னிரண்டு தான இலக்கம் நடைமுறைக்கு வந்தது.

இனி, உலகம் முழுவதற்கும் மோதலின்றி எண் வழங்குவது எப்படி? ஒரே அலுவலகத்தில் ஒருவர் அமர்ந்து எல்லாப் பொருள்களுக்கும் எண்ணிட முடியுமா? முடியாது. தொலைபேசி இதற்கு வழிகாட்டுகின்றது. இலங்கைக்கு 94 என்னும் எண்ணை உலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வழங்கியது. அதற்குக் கீழே கண்டிக்கு 81 என வழங்கியவர் இலங்கையர். அதற்கும் கீழே வீட்டுக்கு வீடு எண் வழங்குவது தொலைபேசி நிறுவனம். மேலுள்ளவர் கிளையைப் பிரித்துக் கொடுக்கின்றார்; கீழுள்ளவர் தம் கிளைக்குள் தாமே எண்ணிடுகின்றார். இருவர் கிளைகள் வேறாதலின் எண்கள் மோதுவதில்லை.

இதே முறையில், அந்த ஒன்றியமும் உலகத் தரநிர்ணய அமைப்பும் கூடி 1980களில் வகுத்ததே ‘பொருளடையாள இலக்கம்’ என்னும் ஏற்பாடு. அது தலைகீழாய் நிற்கும் ஒரு மரம். உச்சியில் 0, 1, 2 என மூன்று கிளைகள். முதலாவது ஒன்றியத்துக்கும், அடுத்தது தர அமைப்புக்கும், மூன்றாவது இரண்டுக்கும் பொதுவாகவும் உரியன. 2க்குக் கீழே 16 என்பது நாடுகளின் கிளை. அதன்கீழ் 840 ஐக்கிய அமெரிக்கா, 356 இந்தியா, 144 இலங்கை. வேரிலிருந்து இலைவரை உள்ள எண்களைப் புள்ளியிட்டு எழுதினால் அதுவே அப்பொருளின் முழுப்பெயர். ஒருமுறை கொடுத்த எண்ணை மற்றொரு பொருளுக்கு மாற்றிக் கொடுத்தலாகாது என்பது இம்மரத்தின் அறம்.

இதனால் மக்களுக்கு ஆகும் பயன் யாது? 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம், இலத்திரனியற் கையொப்பத்துக்கு இந்நாட்டிற் சட்ட மதிப்பளித்தது. கண்டியிலுள்ள ஒருவர் வங்கியின் இணையத்தளத்தைத் திறக்கும்போது, அத்தளம் உண்மையில் அவ்வங்கிக்கு உரியதே எனக் காட்டும் சான்றிதழ் ஒன்று மறைவாய் வந்து சேர்கின்றது. அதிலே ‘இஃது உரியவரின் பெயர்’, ‘இன்ன முறையில் ஒப்பமிடப்பட்டது’ என்பவற்றையெல்லாம் சுட்டுவன இவ்வெண்களே. 2.5.4.3 எனின் ‘பொதுப்பெயர்’ என்று பொருள். 1.2.840.113549.1.1.5 எனின் பழைய முறையொப்பம். இறுதி எண் 5 அன்றி 11 ஆயின் வலிய புதுமுறை. அப்பழைய முறைக்கு அடிப்படையான ‘ஷா-1’ என்னும் கணிப்பு உடைபடக் கூடியது என்பதை 2017இல் ஆய்வாளர் செய்தே காட்டினர். பழைய முறையின் எண் என்றும் பழைய முறைக்கே உரியதாய் நின்றமையால், கணினி அதனை அடையாளங் கண்டு, ஏற்க மறுக்க முடிகின்றது. எண்ணை மாற்றி வழங்கியிருந்தால் நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிதல் ஏது?

இத்தகைய வேலைக்கான நிரல்களைத் தொகுத்து வைத்த நிரலகங்களுள் உலகெங்கும் வழங்குவது ‘ஓப்பன் எஸ்எஸ்எல்’. அது தன் வசதிக்காக ஒவ்வொரு பொருளுக்கும் உள்ளெண் ஒன்றையும் வைத்துள்ளது. பொதுப்பெயருக்கு வெளியெண் 2.5.4.3; உள்ளெண் 13. வீட்டில் ‘சின்னவன்’ என அழைக்கப்படுபவனின் பெயரைப் பாடசாலை இடாப்பிற் சின்னவன் என்று எழுதுவதில்லை. அதுபோல உள்ளெண்ணை நிரலகத்துக்கு உள்ளே மட்டுமே வழங்க வேண்டும். பிறர்க்கு அனுப்பும் ஓலையில் வெளியெண்ணே வரவேண்டும். இதனை மறந்து எழுதப்பட்ட நிரல், பிற நிரலகத்தோடு பேசும்போது தடுமாறும்.

எண்ணை வழங்குவோர் ஒழுங்காய் இருந்தால் மட்டும் போதுமா? போதாது, படிப்போரும் ஒழுங்காய்ப் படித்தல் வேண்டும். 2009ஆம் ஆண்டில் டான் கமின்ஸ்கி என்னும் அமெரிக்க ஆய்வாளரும் அவர்தம் தோழர்களும் ஒரு பெருங்குறையை வெளிப்படுத்தினர். பேருந்தின் தூரமானி எல்லையைக் கடந்ததும் மீண்டும் பூச்சியத்துக்குத் திரும்புவதை ஒப்ப, சில மென்பொருள்கள் மிகப்பெரிய எண்ணைப் படிக்கையிற் சுற்றித் தொடக்கத்துக்கே வந்துவிடும். 2.5.4.18446744073709551619 என்று எழுதினால், இறுதியிலுள்ள இருபது தான எண் அவற்றுக்கு வெறும் 3 ஆகத் தோன்றும். சான்றிதழ் வழங்குவோர், ‘இஃது அறியாத எண்’ எனப் புறக்கணித்துக் கையொப்பமிடுவர். பெறுவோரின் கணினியோ அதனையே ‘பொதுப்பெயர்’ எனப் படித்து, வஞ்சகன் எழுதிய வங்கிப் பெயரை உண்மையென நம்பும். அவ்வாண்டு ஒக்டோபரில் மைக்ரோசொப்ற் நிறுவனம் தன் மென்பொருளில் இதனைத் திருத்திற்று.

மற்றொரு குறை 2023 மே 30ஆந் திகதி அறிவிக்கப்பட்டது. பொருளடையாள இலக்கத்தின் ஒரு கிளையெண்ணைப் பல்லாயிரம் எழுத்தளவு நீட்டி அனுப்பினால், அதனைப் பதின்ம எண்ணாக மாற்றுவதிலேயே ஓப்பன் எஸ்எஸ்எல் நெடுநேரம் உழன்றது. நீளம் இருமடங்கானால் உழைப்பு நான்மடங்காயிற்று. இவ்வாறு ஒருவர் பொய்யெண் ஒன்றை விடுத்துப் பிறர் பணியையெல்லாம் முடக்கிவிடலாம். தீர்வு எளிது: 128 கிளைகளுக்கு மேல் வேண்டா, ஒரு கிளையெண் 4294967295ஐ விஞ்ச வேண்டா என வேறொரு துறையின் விதியில் முன்னரே இருந்த எல்லையைக் கொண்டு கணக்கிட்டு, 586 பைற்றுக்கு மேற்பட்டதை மாற்றாதுவிட ஏற்பாடு செய்தனர். எங்கே நிறுத்துவது என்றறிதலும் படிக்கும் முறையில் அடங்கும்.

கண்டியிலும் சுற்றூர்களிலும் கணினி நிரல் எழுதப் பயிலும் இளைஞர் இன்று பலர். தம் மென்பொருளுக்குப் புதிய பொருளடையாள இலக்கம் வேண்டுமாயின், கைக்கு வந்த எண்ணைத் தாமே இட்டுக்கொள்ளுதல் எளிதாய்த் தோன்றும். அன்றைக்கு அதனால் ஒரு கேடும் விளையாது. ஆனால் அதே எண்ணைக் கடலுக்கு அப்பால் மற்றொருவர் முறையாகப் பெற்றிருந்தால், இரு பொருளுக்கு ஓரெண் என்னும் பழைய சிக்கல் மீண்டும் முளைக்கும். இணைய எண்களை வழங்கும் நிறுவனம் 1.3.6.1.4.1 என்னும் கிளையின்கீழ் விண்ணப்பிக்கும் அமைப்புக்களுக்குக் கட்டணமின்றியே எண் வழங்குகின்றது. அதனைப் பெற்றுத் தம் கிளைக்குள் எதற்கு எவ்வெண் இட்டார் என்பதை ஓர் ஏட்டில் எழுதி வைத்தல் நன்று.

த்வெயிட்ஸ் 1882ஆம் ஆண்டிற் கண்டியிலேயே உயிர் நீத்தார். அவர் உலர்த்தி ஒட்டிய செடிகள் இன்றும் கூடங்களில் உள்ளன. அவற்றுள் ஓர் எண்ணின்கீழ் இருப்பவை எம்மலையிற் பறித்தவை எனப் பிரித்தறிய, பின்வந்தோர் பலர் உழைக்க வேண்டியதாயிற்று. எண்ணிடுதற்கு ஒரு நிமிடம் போதும். தவறாக இட்ட எண்ணைத் தீர்க்கத் தலைமுறைகள் வேண்டும். ஆதலின் எண்ணை வழங்குவோர் ஒருமுறை, ஒருபொருட்கே வழங்குக. படிப்போர் அதனை முழுமையாகப் படிக்க. ஒருவரை ஒருவர் காணாது கொடுத்து வாங்கும் இக்காலத்தில், நம்பிக்கை நிற்பது இவ்விரண்டின் மீதே.