அதிவேக மின்சுற்றுப் பலகையும் பாவனை மென்பொருள் தேர்வும்



‘சிக்னல் இன்டெகிரிட்டி’ என்னும் தொடரைச் சிலர் ‘சமிக்ஞை ஒருமைப்பாடு’ எனத் தமிழாக்குவர். ஒருமைப்பாடு என்றதும் மாணவர் நெஞ்சில் நாட்டு ஒருமைப்பாடே தோன்றும். ஆதலால் நான் ‘குறிகைச் செம்மை’ என்றே வழங்குகிறேன். ஒரு சில்லு அனுப்பும் குறிகை, செப்புத் தடத்தின் வழியே சென்று, மறுமுனைச் சில்லு பிழையின்றிப் படிக்கத்தக்க வடிவில் சேர்வதே செம்மை. அவ்வாறு சேருமா என்பதைப் பலகை செய்யும் முன்னரே கணினியில் ஓட்டிப் பார்ப்பது பாவனை.

பினாங்கின் பாயான் லெப்பாஸ் வட்டாரத்தில் 1972இல் மின்னணுத் தொழில் வேரூன்றியது. அங்குப் பணியேற்க விரும்பும் மாணவர் என்னிடம் கேட்கும் முதல் வினா, “ஐயா, எந்த மென்பொருளைக் கற்க வேண்டும்?” என்பதே. இவ்வினா முதலில் வரக்கூடாது என்பது என் கருத்து.

எஃப்.ஆர்.4 எனப்படும் கண்ணாடியிழைப் பலகையில் குறிகை ஒளியின் விரைவில் ஏறத்தாழப் பாதி விரைவில் செல்கிறது. நானோ நொடிக்குச் சுமார் 15 செ.மீ. குறிகை தாழ்நிலையிலிருந்து உயர்நிலைக்கு ஏற 1 நானோ நொடி ஆகுமெனில், அந்நேரத்தில் அது கடக்கும் தொலைவும் 15 செ.மீட்டரே. தடத்தின் நீளம் அதில் ஆறில் ஒரு பங்கை, அதாவது 2.5 செ.மீட்டரைத் தாண்டினால், அதனை வெறும் கம்பியாகக் கருதாமல் அலை செல்லும் பாதையாகக் கருத வேண்டும் என்பது பொறியாளர் கைக்கொள்ளும் நடைமுறை விதி. கடிகாரத் துடிப்பின் அதிர்வெண்ணை விட ஏறும் நேரமே இங்கு முதன்மையானது. 10 மெகாஹெர்ட்ஸில் ஒழுங்காக ஓடிய பழைய பலகை, அதே வேலையைச் செய்யும் புதிய சில்லைப் பொருத்தியதும் தடுமாறுவது இதனால்தான்.

இன்னொரு கணக்கு. 50 ஓம் மின்னெதிர்ப்புள்ள தடம் 75 ஓம் உள்ள பகுதியைச் சந்திக்கிறது. வேறுபாடாகிய 25ஐக் கூட்டுத்தொகையாகிய 125ஆல் வகுத்தால், மின்னழுத்த அலையில் ஐந்தில் ஒரு பங்கு திரும்பி வரும் என்று தெரியும். இதற்குக் கரும்பலகை போதும்.

தடத்தின் அகலம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதே கேள்வியானால், குறுக்குவெட்டை மட்டும் கணிக்கும் இருபரிமாணக் கருவி நொடிகளில் விடை தரும். சில்லுகளுக்கிடையே எழும் அலைத் துள்ளலும், பக்கத்துத் தடத்திலிருந்து கசியும் குறுக்குப் பேச்சும் கேள்வியானால், ஹைப்பர்லிங்க்ஸ், சிக்ரிட்டி போன்றவை பொருந்தும். இவற்றுக்கு உணவு சில்லின் மாதிரிக் கோப்பு. தம் சில்லின் உள்ளமைப்பை வெளியிடத் தயாரிப்பாளர் விரும்புவதில்லை. ஆகவே, உள்ளே இருப்பதை மறைத்து, வெளிமுனையின் மின்னோட்ட மின்னழுத்த அட்டவணைகளை மட்டும் தரும் ‘ஐபிஸ்’ என்னும் வடிவம் இன்டெல் நிறுவனத்தின் முன்முயற்சியால் 1993இல் வெளிவந்தது. அக்கோப்பில் வழக்கமான மதிப்பு, சிறும மதிப்பு, பெரும மதிப்பு என மூன்று நிரல்கள் உண்டு.

அந்த மூன்றாம் நிரல் எனக்குப் பாடம் புகட்டியது. முன்பு நான் பணியாற்றிய நிறுவனம் ஒன்றில், விலையுயர்ந்த மென்பொருள் கொண்டு நினைவகப் பலகை ஒன்றைப் பாவனை செய்தேன். அலைவடிவம் கண்ணுக்கு விருந்தாக இருந்தது. முதல் தொகுதிப் பலகைகளும் நன்றாகவே ஓடின. அடுத்த தொகுதியில் சில மட்டும், அதுவும் குளிரூட்டிய அறையில், தரவைத் தவறாகப் படித்தன. நான் வழக்கமான மதிப்பை மட்டுமே ஓட்டியிருந்தேன். அத்தொகுதிச் சில்லுகளோ மிக விரைவானவை. பெரும மதிப்பை ஓட்டியதும் அதே துள்ளல் திரையில் எழுந்தது. ஒவ்வொரு தடத்தின் தொடக்கத்திலும் 33 ஓம் மின்தடை ஒன்றைச் சேர்த்துத் தீர்த்தோம். பலகையை மறுமுறை வடிவமைக்க வேண்டியதாயிற்று. மென்பொருளின் மீது பழி சொல்ல எனக்கு வாய்ப்பே இல்லை.

முப்பரிமாணக் கருவி தேவைப்படும் இடமும் உண்டு. தடம் ஓர் அடுக்கிலிருந்து மற்றோர் அடுக்குக்குத் துளை வழியே இறங்கும்போது, பயன்படாத துளைப்பகுதி கீழே வாலாகத் தொங்கும். வாலின் நீளம் 2.3 மி.மீ. எனில், கால் அலைநீளக் கணக்குப்படி சுமார் 16 கிகாஹெர்ட்ஸில் அது குறிகையை விழுங்கும். ஐந்தாம் தலைமுறை பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் இணைப்பின் அடிப்படை அதிர்வெண்ணும் அதுவே. எச்.எஃப்.எஸ்.எஸ்., சி.எஸ்.டி. போன்றவை இங்கு இன்றியமையாதவை. எளிய தடத்திற்கும் இவற்றையே இரவு முழுதும் ஓட்டுவோர் உளர். பொறுமைக்குப் பாராட்டலாம், தேர்வுக்கு அன்று.

பள்ளிக்கும் தொழில்நுட்பக் கல்லூரிக்கும் செலவு பெருந்தடை என்பதை அறிவேன். எல்டி-ஸ்பைஸ், என்ஜி-ஸ்பைஸ் இரண்டும் இலவசம். 1973இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தோன்றிய ஸ்பைஸின் வழித்தோன்றல்கள் அவை. முப்பரிமாணத்திற்கு ஓப்பன்-இ.எம்.எஸ். உண்டு. ஆசிரியர்கள், நான் சொன்ன 50, 75 ஓம் கணக்கை மாணவர்க்குத் தாளில் போடச் சொல்லுங்கள். பிறகு அதையே எல்டி-ஸ்பைஸில் ஓட்டச் செய்யுங்கள். இரண்டும் ஒவ்வாவிடில், ஒவ்வாமைக்குக் காரணம் காணும்வரை அடுத்த மென்பொருளைத் திறக்க விடாதீர்கள்.

ஐயம் இருப்பின் இப்போது கேட்கலாம்.