நமக்கு ஒத்துக்கொள்ளும் வே புரோட்டீன் எது?

(நமது ஜமாஅத் சார்பில் நடைபெற்ற மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் மருந்தாளுநர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இக்கூட்டத்தில் எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று செயலாளர் அவர்கள் கேட்டபோது, "வே புரோட்டீன்" என்றேன். அது உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் பிள்ளைகளின் விவகாரமாயிற்றே, பெரியவர்கள் பாதியில் எழுந்து போய்விடுவார்களே என்று அவர் தயங்கினார். பல ஆண்டுகளாக மருந்துக் கடையில் நின்று பார்க்கிற எனக்கு, அது பிள்ளைகளின் விவகாரம் மட்டுமன்று என்பது தெரியும். மகன் வாங்கிய டப்பாவை அத்தா குடிக்கிறார். வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வரும் பிள்ளை, அத்தருடனும் போர்வையுடனும் பெரிய புரோட்டீன் டப்பா ஒன்றையும் கொண்டு வருகிறார். ஒரு மாதம் கழித்து அந்த டப்பா முக்கால்வாசி நிறைந்தபடியே அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடுகிறது. காரணம் கேட்டால், "ஒத்துக்கொள்ளவில்லை பாய்" என்கிறார்கள். எது ஒத்துக்கொள்ளவில்லை, ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஆராய்ந்தவர் மிகக் குறைவு.

முதலில் இந்தப் பொடி எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம். வீட்டில் பால் திரிந்து போனால் வெள்ளைக் கட்டி தனியாகவும், இளம்பச்சை கலந்த தெளிநீர் தனியாகவும் பிரியக் கண்டிருப்பீர்கள். பாலாடைக்கட்டி செய்யும் தொழிற்சாலையில் பாலை வேண்டுமென்றே அவ்வாறு பிரிக்கிறார்கள். அங்கு மிஞ்சும் தெளிநீருக்குத்தான் 'வே' என்று பெயர். பசும்பாலிலுள்ள புரதத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு கட்டியோடு போய்விடும். எஞ்சிய 20 விழுக்காடு இந்நீரில் கரைந்திருக்கும். ஒரு காலத்தில் இதைக் கழிவென்று கருதி ஆற்றில் விட்டார்கள், கால்நடைகளுக்கு ஊற்றினார்கள். 1970களில் நுண்வடிகட்டும் சவ்வுகள் பயன்பாட்டுக்கு வந்த பின்னர், அதிலிருந்து புரதத்தைப் பிரித்து உலர்த்திப் பொடியாக்கும் தொழில் வளர்ந்தது.

கடையில் கிடைக்கும் வே பொடி மூன்று வகைப்படும். வடிகட்டி ஓரளவு செறிவூட்டியது கான்சன்ட்ரேட். நல்ல தரமான கான்சன்ட்ரேட்டில் நூற்றுக்கு 80 வரை புரதம் இருக்கும். பால் சர்க்கரையான லாக்டோஸ் நூற்றுக்கு 4 முதல் 8 வரை தங்கியிருக்கும். மேலும் வடிகட்டி, புரதத்தை 90க்கு மேல் ஏற்றி, லாக்டோஸை ஒன்று அல்லது அதற்கும் கீழே குறைத்தது ஐசொலேட். நொதிகளைக் கொண்டு புரதத்தை முன்கூட்டியே சிறு துண்டுகளாக உடைத்தது ஹைட்ரோலைசேட். அது சற்றுக் கசக்கும், விலையும் மிகக் கூடுதல். சாதாரண மனிதருக்கு அந்த மூன்றாவது வகை தேவைப்படுவதில்லை என்பதே என் கருத்து.

இனி வயிற்றுக்கு வருவோம். பால் சர்க்கரையைச் செரிப்பதற்கு நம் சிறுகுடலில் லாக்டேஸ் என்னும் நொதி சுரக்கிறது. தாய்ப்பால் குடிக்கும் பருவத்தில் நிறையச் சுரக்கும் இந்நொதி, உலகிலுள்ள பெரும்பாலான மனிதர்களுக்கு வயது ஏற ஏறக் குறைந்து விடுகிறது. வட இந்தியர்களைவிடத் தென்னிந்தியர்களிடையே இக்குறைவு அதிகம். செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிரிகளால் நொதித்து வாயுவாகிறது. வயிறு பொருமுகிறது, இரைகிறது, சிலருக்குப் பேதியாகிறது. இது நோயன்று, உடலின் இயல்பு. பால் குடித்தால் பொருமுகிறது, ஆனால் தயிரும் மோரும் ஒன்றும் செய்வதில்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இவ்வகையினரே. தயிராக உறையும்போது லாக்டோஸின் ஒரு பகுதியை நுண்ணுயிரிகளே தின்றுவிடுகின்றன.

இங்கே நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு தம்பி கான்சன்ட்ரேட் வாங்கிச் சென்று, பத்தே நாளில் திரும்பி வந்து, வயிறு கெட்டுவிட்டது என்றார். லாக்டோஸ்தான் காரணம், ஐசொலேட் வாங்குங்கள் என்று உடனே சொல்லிவிட்டேன். அவரும் கூடுதல் பணம் கொடுத்து வாங்கினார். மீண்டும் அதே தொல்லை. அதற்குப் பிறகுதான், எதில் கலக்குகிறீர்கள் என்று கேட்க எனக்குத் தோன்றியது. ஒரே வேளையில் 400 மில்லி பாலில் இரண்டு கரண்டி! கணக்குப் போட்டுப் பாருங்கள். 400 மில்லி பாலில் ஏறத்தாழ 19 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. இரண்டு கரண்டி, அதாவது 60 கிராம் கான்சன்ட்ரேட்டில் இருப்பதோ 3 கிராம் அளவுதான். பொடியை மாற்றியதால் அந்த 3 கிராம் போயிற்று. 19 கிராம் அப்படியே இருந்தது. பால் ஒத்துக்கொள்ளாதவர்களிலும் பலர், ஒரு வேளைக்கு 12 கிராம் லாக்டோஸ் வரை பெரிய தொல்லையின்றித் தாங்குவர் என்பது மருத்துவ நூல்கள் ஒப்புக்கொண்ட அளவு. அந்தத் தம்பியைப் பழைய கான்சன்ட்ரேட்டையே தண்ணீரில் ஒரு கரண்டி மட்டும் கலந்து குடிக்கச் சொன்னேன். தொல்லை நின்றது. முதலிலேயே கேட்டிருந்தால் அவருடைய பணம் மிஞ்சியிருக்கும். அவர் பெருந்தன்மையானவர், இன்றும் நம் கடைக்கே வருகிறார்.

ஆகவே, பொடி ஒத்துக்கொள்கிறதா என்று சோதிக்க விரும்புபவர் சிறிய பொட்டலமாக வாங்குங்கள். அரைக் கரண்டியைத் தண்ணீரில் கலந்து, உணவுக்குப் பின் மூன்று நான்கு நாட்கள் அருந்துங்கள். தொல்லை இல்லையெனில் ஒரு கரண்டியாக்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். பொடியையும் பாலையும் அளவையும் ஒரே நாளில் மாற்றினால் குற்றவாளி யாரென்று தெரியாது. தண்ணீரில் ஒரு கரண்டியே தொல்லை தந்தால் அப்போது ஐசொலேட்டைப் பார்க்கலாம். அதற்கு முன் டப்பாவின் பின்புறமுள்ள மூலப்பொருள் பட்டியலையும் படியுங்கள். சுவைக்காகவும் கெட்டித்தன்மைக்காகவும் சேர்க்கும் இனிப்பூட்டிகளும் பசைகளும் சில வயிறுகளுக்கு ஆகா. சார்பிட்டால், மால்டிட்டால் போன்றவை லாக்டோஸைப் போலவே பொருமலும் பேதியும் உண்டாக்கும். சுவையூட்டாத வெறும் பொடி வாயில் வைக்க வழங்காது என்பது உண்மைதான். ஆனால் சோதித்து அறிவதற்கு அதுவே ஏற்றது.

மற்றொன்றை இதனோடு குழப்பிக் கொள்ளக் கூடாது. பொடி குடித்தவுடன் உடலில் அரிப்பு, தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிரைப்பு தோன்றினால் அது லாக்டோஸ் தொல்லையன்று, பால் புரத ஒவ்வாமை. அத்தகையவருக்கு ஐசொலேட் தீர்வாகாது, ஏனெனில் ஒவ்வாத புரதம் அதில்தான் செறிந்து கிடக்கிறது. 'லாக்டோஸ் ஃப்ரீ' என்ற எழுத்தும் அவரைக் காக்காது. அவர் இன்னொரு முறை சோதித்துப் பார்க்கவே கூடாது. மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

வயிறு ஏற்றுக்கொண்டால் எல்லாம் ஒத்துக்கொண்டது என்று பொருளாகுமா? நமது மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், நீண்ட காலச் சர்க்கரை நோயாளி. வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய பொடியை, நாளுக்கு இரண்டு கரண்டி வீதம் மூன்று மாதம் அருந்தினார். "அருமையாக ஒத்துக்கொள்கிறது தம்பி, வயிற்றில் ஒரு தொந்தரவும் இல்லை" என்று என்னிடமே மகிழ்ந்து சொன்னார். பின்னர் வழக்கமான பரிசோதனையில் கிரியேட்டினின் உயர்ந்திருப்பது தெரிந்தது. சிறுநீரகம் அதற்கு முன்பே தளர்ந்திருந்தது. பொடிதான் கெடுத்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தளர்ந்த சிறுநீரகத்தின் மேல் அன்றாடம் 48 கிராம் புரதத்தை அவர் கூடுதலாக ஏற்றிக் கொண்டிருந்தார், மருத்துவருக்குத் தெரிவிக்காமலேயே. உணவுதானே, இதையுமா சொல்ல வேண்டும் என்று எண்ணியிருக்கிறார். மருத்துவர் உடனே நிறுத்தச் சொன்னார். மகன் பாசத்தோடு அனுப்பியது என்பதால் அதை நிறுத்துவது அவருக்கு மனவருத்தமாகவே இருந்தது.

எனவே சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், சிறுநீரகக் கல், சிறுநீரகத் தளர்ச்சி உள்ளவர்கள், இரத்தத்திலும் சிறுநீரிலும் பரிசோதனை செய்து, மருத்துவர் அனுமதித்த பின்னரே இப்பொடியைத் தொட வேண்டும். டயாலிசிஸ் செய்து கொள்பவர்களின் கணக்கே வேறு. அவர்களுக்குப் புரதம் கூடுதலாகத் தேவைப்படும், அதையும் மருத்துவரே சொல்வார். சர்க்கரை நோயாளிகளுக்கு மற்றோர் எச்சரிக்கை. 'மாஸ் கெய்னர்' என்று விற்கப்படுவதை வே புரோட்டீன் என்று எண்ணி வாங்கி விடாதீர்கள். அதில் பெரும்பகுதி மாவுச்சத்தே. தைராய்டு மாத்திரை உட்கொள்பவர்கள், மாத்திரைக்கும் பொடிக்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். பொடியிலுள்ள கால்சியம் மருந்தை உடலில் சேர விடாது.

இந்தப் பொடி நமக்குத் தேவைதானா என்ற கேள்வியையும் கேட்டுக்கொள்ள வேண்டும். உடல்நலமுள்ள ஒருவருக்கு எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் அன்றாடம் போதும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வரையறுத்தது. 65 கிலோ எடையுள்ளவருக்கு இது 54 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் 18 முதல் 20 கிராம், ஒரு தம்ளர் பாலில் 6 கிராமுக்கு மேல். பருப்பும் சுண்டலும் கறியும் சேர்ந்தால் நம் வீட்டுச் சாப்பாட்டிலேயே இதை எட்டிவிடலாம், சோற்றின் அளவைச் சற்றுக் குறைத்துக் கொண்டால். தசை வளர்ப்பதற்காகப் புரதப் பொடிகளை நாடுவதைத் தவிர்க்குமாறு ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் அறிவுறுத்தியது. கடுமையான பயிற்சி செய்யும் தம்பிமார்களுக்குத் தேவை கூடுதல் என்பதை நான் மறுக்கவில்லை. அதுபோல, நோயிலிருந்து மீள்பவர்கள், பல் போய் மெல்ல முடியாத முதியவர்கள் ஆகியோருக்கு, சிறுநீரகம் நன்றாக இருக்குமானால், ஒரு கரண்டி வே நல்ல துணை. இளைஞர்களைவிட இவர்களுக்கே இது அதிகம் உதவும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இறுதியாக, டப்பாவில் எழுதியிருப்பதை எவ்வளவு நம்பலாம் என்பது. புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. பொருளிலுள்ள நைட்ரஜனை அளந்து, அதைக் கொண்டு புரதத்தைக் கணக்கிடுவதே வழக்கமான முறை. இந்த ஓட்டையைப் பயன்படுத்தித்தான் 2008-இல் சீனாவில் பாலில் மெலமின் என்ற வேதிப்பொருளைக் கலந்தார்கள்; ஆறு குழந்தைகள் மாண்டனர், ஏறத்தாழ மூன்று இலட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். புரதப் பொடியில் இதே தந்திரத்தை மலிவான கிளைசின், டாரின் போன்றவற்றைச் சேர்த்துச் செய்வோர் உண்டு. அப்பெயர்கள் மூலப்பொருள் பட்டியலில் தனியே இடம்பெற்றிருந்தால் ஐயம் கொள்ளுங்கள். இந்தியச் சந்தையிலுள்ள 36 பொடிகளைக் கேரள மருத்துவர் குழுவொன்று ஆராய்ந்து 2024-இல் வெளியிட்ட முடிவின்படி, ஏறத்தாழ 70 விழுக்காடு பொடிகளில் புரத அளவு அச்சிட்டபடி இல்லை. 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், இறக்குமதியாயின் இறக்குமதியாளரின் முகவரி, தயாரிப்புத் தொகுதி எண், உடையாத முத்திரை ஆகியவற்றைப் பார்த்து, ரசீதுடன் வாங்குங்கள். கரண்டியின் எடையில் எத்தனை கிராம் புரதம் என்பதையும் வகுத்துப் பாருங்கள். 30 கிராமில் 24 கிராம் என்றால் 80 விழுக்காடு. 15 கிராம் என்றால் பாதி வேறு ஏதோ.

ஹலால் குறித்துச் சகோதரிகள் கேள்வி எழுதி அனுப்பியிருக்கிறார்கள். பாலைத் திரிக்கும் ரென்னட், கன்றின் இரைப்பையிலிருந்தும் எடுக்கப்படுகிறது, நுண்ணுயிரிகளிலிருந்தும் எடுக்கப்படுகிறது. விலங்கின் ரென்னட் பற்றி மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதற்கு விடை சொல்ல வேண்டியவர் நமது இமாம் ஹஜ்ரத் அவர்கள், நானல்லன். நுண்ணுயிர் ரென்னட் என்று குறித்ததையோ ஹலால் சான்றிதழ் உள்ளதையோ வாங்கினால் இந்த ஐயத்திற்கே இடமில்லை. ரமளானில் புதிய பொடியை முதன்முதலாக ஸஹரில் சோதிக்காதீர்கள். வயிறு போனால் நோன்பு நேரத்தில் நீரிழப்பு ஏற்படும். கொதிக்கும் பாலிலும் கொட்ட வேண்டாம். சத்து போய்விடாது, ஆனால் திரிதிரியாகிக் குடிக்க முடியாமல் போகும்.

நேரம் கடந்துவிட்டது, மஃரிபுக்கு இன்னும் பத்து நிமிடங்களே உள்ளன. நேற்று அறிவித்தபடி வீட்டிலிருந்து டப்பாக்களைக் கொண்டு வந்திருக்கும் தம்பிமார்கள், தொழுகை முடிந்ததும் மதரஸா வராந்தாவுக்கு வாருங்கள். உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு வந்திருக்கிறேன். மூலப்பொருள் பட்டியலை அவ்வளவு சிறிய எழுத்தில்தான் அச்சிடுகிறார்கள். அத்தாமார்களும் தங்கள் பரிசோதனைச் சீட்டுகளுடன் வரலாம். வஸ்ஸலாம்.