எதிர்பார்ப்பும் எதிரணியும்

பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்தின் அவையில் சடுகுடு ஆட்டத்தைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்ற ஐயம் சிலருக்கு எழலாம். கவிஞர்கள் கூடிய அவைக்கும் செம்மண் களத்துக்கும் என்ன உறவு என்று கேட்கவும் கூடும். உறவு உண்டு. அது தமிழின் ஒரு வேர்ச்சொல்லில் இருக்கிறது.

‘எதிர்’ என்பது அந்தச் சொல். ஒருவன் முகத்துக்கு நேரே நிற்பவன் எதிரி. வரப்போவதை முன்னோக்கி நிற்பது எதிர்பார்ப்பு. வருகின்ற விருந்தினரை வாயிலுக்குச் சென்று வரவேற்பது எதிர்கொள்ளல். பகையும் காத்திருப்பும் வரவேற்பும் ஆகிய மூன்றையும் ஒரே வேரிலிருந்து கிளைக்கச் செய்திருக்கிறது தமிழ். ஆட்டத்துக்கு முந்தைய நாள், இரு அணிகளின் ஆதரவாளர்களுடைய நெஞ்சில் இம்மூன்றும் ஒருங்கே நிற்கின்றன. மறுநாள் வரப்போகிறவன் எதிரி. ஆனால் அவன் வரவேண்டும் என்று ஊரே வழிபார்த்திருக்கிறது. அவன் வராவிட்டால் ஆட்டமே இல்லை.

இந்த நிலையைப் பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளைப் போல் தெளிவாகக் காட்டும் மண் வேறு இருத்தல் அரிது. இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவு. இரண்டும் நெடுங்காலம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் அடங்கியிருந்தன. 1995இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபோது இரண்டும் பெரம்பலூர் மாவட்டம் என்ற ஒரே பெயரின்கீழ் வந்தன. 2001இல் அரியலூர் தனி மாவட்டமாயிற்று. 2002இல் மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டது. 2007ஆம் ஆண்டு நவம்பர் 23 அன்று மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. அரியலூரில் பிறந்து வளர்ந்த ஓர் ஆட்டக்காரன், வீடு மாறாமலே, பன்னிரண்டு ஆண்டுகளில் நான்கு முறை மாவட்டம் மாறியிருக்கிறான். மாவட்ட அணிகள் வருவாய் மாவட்டத்தின் பெயரால் அமைபவை. முதலமைச்சர் கோப்பைக்கான கபடிப் போட்டிகளில் இன்றும் அதுவே முறை. ஆகவே ஒரே அணியில் தோளோடு தோள் நின்றிருக்கக் கூடியவர்கள், அரசாணை ஒன்றின் விளைவாக, நடுக்கோட்டின் இருபுறமும் நின்றாக வேண்டியவர்கள் ஆயினர்.

அந்தக் கோடு தாளில் இடப்பட்ட கோடு. மண்ணுக்கு அது தெரியாது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியைக் கடல் மூடியிருந்தது. அக்கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புப் படிவங்களும் உயிரினப் புதைபடிவங்களும் இரு மாவட்டங்களிலும் கிடைக்கின்றன. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் கல்லாய்ச் சமைந்த மரம் கிடப்பதும், அரியலூரைச் சூழ்ந்து சிமெண்ட் ஆலைகள் எழுந்ததும் அந்த ஒரே கடலின் கதையே. ஆட்டக்களத்தில் எல்லை வகுக்கத் தூவும் சுண்ணாம்புப் பொடிக்கும் எந்த மாவட்டம் தன் தாயகம் என்று சொல்லத் தெரியாது.

சடுகுடு கவிஞர்களின் கவனத்துக்கு உரிய ஆட்டம் என்பதற்கு மற்றுமொரு காரணம் உண்டு. எதிரணியின் களத்துக்குள் நுழைபவனைத் தமிழர் ‘பாடிச் செல்பவன்’ என்றே அழைக்கின்றனர். கையில் கருவி எதுவுமில்லை, பந்தும் இல்லை. மூச்சும் சொல்லுமே அவன் படைக்கலங்கள். ஒரே மூச்சில் பாடிக்கொண்டு சென்று, தொட்டு, அந்த மூச்சு அறுவதற்குள் தன் கோட்டுக்குத் திரும்ப வேண்டும். சிற்றூர்களில் இன்றைய ‘கபடி’ என்னும் ஒற்றைச் சொல்லுக்கு முன்பு, ஊருக்கு ஊர் வேறுபட்ட பாட்டுகள் வழங்கின. தன் குலப்பெருமையையும் எதிரியின் எளிமையையும் ஓசை நயத்தோடு சொல்லிச் சென்ற அப்பாட்டுகள் மறைந்துவருவது நாட்டுப்புற இலக்கியத்துக்கு நேர்ந்த இழப்பு.

இன்றைய விதிகளின்படி ஆடவர்க்கான களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உடையது. அணிக்கு எழுவர் களத்தில் நிற்பர். இருபது நிமிடங்கள் கொண்ட இரண்டு பகுதிகள். இடையே ஐந்து நிமிட ஓய்வு. ஒரு முறை பாடிச் செல்வதற்கு முப்பது நொடிகளே உண்டு. ஆக, ஆட்டம் நாற்பது நிமிடங்கள். ஆனால் அதற்கான எதிர்பார்ப்போ வாரக் கணக்கில் நீள்கிறது.

‘மின்னொளியில் மாபெரும் கபடிப் போட்டி’ என்ற துண்டறிக்கை அச்சாகி வரும் நாளிலேயே ஆட்டம் தொடங்கிவிடுகிறது எனலாம். பரிசுத் தொகை, சுழற்கோப்பை, அவற்றை வழங்குவோரின் பெயர்கள், நுழைவுக் கட்டணம், நடுவரின் தீர்ப்பே இறுதியானது என்ற எச்சரிக்கை ஆகியவை அதில் இடம்பெறும். அறுவடை முடிந்த நிலத்திலோ பள்ளித் திடலிலோ கல்லைப் பொறுக்கி, மண்ணைச் சலித்துக் கொட்டி, நீர் தெளித்து மிதித்துக் களம் அமைப்பர். எந்த அணி எந்த அணியுடன் மோதும் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பர். சீட்டில் பக்கத்து ஊரின் பெயர் எழுந்துவிட்டால் அன்றிரவு தேநீர்க் கடைகளில் விளக்கணைய நேரமாகும்.

அங்கே நிகழும் உரையாடல்களைக் கேட்பவர்க்கு ஒன்று விளங்கும். குன்னம் வட்டத்திலிருந்து செந்துறை வட்டத்துக்கும், செந்துறையிலிருந்து குன்னத்துக்கும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் மாவட்டக் கோட்டைப் பார்த்து நடப்பதில்லை. எதிரணியின் ஊர் பெரும்பாலும் மாமனார் ஊராகவோ அக்காள் வாழ்க்கைப்பட்ட ஊராகவோ அமைந்துவிடுகிறது. “நாளைக்கு உங்க ஊர்ப் பையன் பாடி வர்றது மட்டுந்தான் மாமா, கோட்டுக்குத் திரும்ப மாட்டான்” என்பார் மருமகன். “திரும்புறப்ப உங்க பக்கத்துல மூணு பேரத் தொட்டுட்டுத்தான் வருவான் மாப்ளே, பொண்ணு குடுத்த ஊருன்னு பார்க்க மாட்டான்” என்பார் மாமனார். சொல்லில் காரம் உண்டு. விளியில் உறவு உண்டு. முறைவைத்து அழைத்துக்கொண்டே பகைக்கும் இந்த வழக்கம், பகைக்கு ஓர் எல்லைக்கோடு இட்டுவிடுகிறது.

இவ்வாறு ஊர் இரண்டாய்ப் பிரிந்து பேசுவதைப் பதிவு செய்த தமிழ்ப் பாடல் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுத் தொன்மை உடையது. உறையூர்த் தித்தனின் மகனான போரவைக் கோப்பெருநற்கிள்ளி, ஆமூர் மல்லனோடு பொருத செய்தி புறநானூற்றில் உள்ளது. சாத்தந்தையார் பாடினார், பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் பாடினார். நக்கண்ணையாரின் 85ஆம் பாட்டில், மற்போர் நிகழும் ஊர் கிள்ளிக்கு அயலூர். கூடியிருந்தோரில் ஒரு சாரார் வெற்றி அவனுக்கே என்கின்றனர். மற்றொரு சாரார் இல்லை என்கின்றனர். அவன்மேல் காதல் கொண்ட தலைவி பனைமரத்தைப் பொருந்தி நின்று அவன் வென்றதைக் காண்கிறாள்.

இப்பாட்டில் அறிஞர்கள் ஊன்றி நோக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. இரு சாராரின் மொழிகளையும் நல்ல மொழிகள் என்றே அத்தலைவி குறிப்பிடுகிறாள். தான் விரும்பியவன் தோற்பான் என்று சொன்னவர்களின் சொல்லையும் அவள் தீய சொல் என்று தள்ளவில்லை. நெஞ்சு ஒரு பக்கம் சாய்ந்திருந்தும், சொல் இரு பக்கத்துக்கும் நீதி செய்கிறது. ஆதரவாளர்க்கான அறம் என்று ஒன்று இருக்குமானால், அதன் முதல் விதியை வகுத்தவர் இந்தப் பெண்பாற் புலவரே.

கலித்தொகையின் முல்லைக்கலியும் இங்கே எண்ணத்தக்கது. முல்லைத் திணைக்கு உரிப்பொருள் இருத்தல். அதாவது ஆற்றியிருத்தல், காத்திருத்தல். ஏறு தழுவும் ஆரவாரத்தையும் அந்த முல்லைக்குள்ளேயே வைத்தனர் பண்டைப் புலவர். பொதுவர் பாய்வதற்கு முன்னரே, ஏறுகளின் நிறங்களையும் மறுக்களையும் தெய்வங்களின் கோலங்களோடு ஒப்பிட்டு அப்பாடல்கள் வரிசையாக விரித்துரைக்கின்றன. பாய்ச்சலுக்கு முந்தைய அந்த நிறுத்தம், காத்திருக்கும் கூட்டத்தின் கண்கொண்டு காணும் காட்சியாகும். வீரம் வெளிப்படும் கணத்துக்குச் சமமாக, அதை நோக்கியிருக்கும் பொழுதுக்கும் இலக்கியத்தில் இடம் கொடுத்திருக்கின்றனர் முன்னோர்.

கடல் கடந்த அயர்லாந்திலும் இதற்கு ஒப்பான காட்சி உண்டு. அந்நாட்டு மரபு ஆட்டங்களைக் காக்க 1884இல் தர்லஸ் என்னும் ஊரில் ஒரு கழகம் தொடங்கப்பட்டது. அக்கழகம் நடத்தும் கேலிக் கால்பந்துப் போட்டியில் அணிகள் கவுண்டி எனப்படும் மாவட்டங்களின் பெயரால் மோதுகின்றன. அம்மாவட்டங்கள் ஆங்கிலேயர் ஆட்சியின் வசதிக்காக வகுக்கப்பட்டவை. ஆயினும் ஆட்டத்தின் வழியாக அந்த எல்லைகள் மக்களின் அன்புக்கு உரியவையாகிவிட்டன. ஆள்வோர் தாளில் இட்ட கோடு, ஆடுவோரின் கால்பட்டு ஊர்ப்பற்றாக மாறியது. அங்கும் ஆட்டக்காரர்கள் ஊதியம் பெறாதவர்கள். ஆசிரியராகவும் உழவராகவும் தொழிலாளியாகவும் வாழ்ந்துகொண்டே மாவட்டத்துக்காக ஆடுபவர்கள்.

1982ஆம் ஆண்டு இறுதியாட்டம் எதிர்பார்ப்பின் இயல்பை அறிய நல்ல சான்று. கெர்ரி அணி 1978 முதல் தொடர்ந்து நான்கு ஆண்டுகள் கோப்பையை வென்றிருந்தது. ஐந்தாவது வெற்றி உறுதி என்று எண்ணிய ஆதரவாளர்கள், ஆட்டத்துக்கு முன்பே வெற்றிப் பாட்டு இயற்றிவிட்டனர், சட்டைகளில் அச்சிட்டும்விட்டனர். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது, மாற்று ஆட்டக்காரராக வந்த சீமஸ் டார்பி அடித்த ஒரு கோலால், ஒரே புள்ளி வேறுபாட்டில் ஆஃபலி அணி வென்றது. வாகை சூடுமுன் பாடிய வாகைப் பாட்டு பயனற்றுப் போயிற்று. தமிழ்ப் புறத்திணை மரபில் தும்பைக்கும் வாகைக்கும் தனித்தனிப் பூ வைத்ததன் நுட்பம் இதனால் விளங்கும். பொரச் செல்லும்போது சூடும் பூ வேறு. வென்றபின் சூடும் பூ வேறு.

இனி, கசப்பான ஓர் உண்மையையும் அவை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆட்டத்துக்கு முந்தைய நாளின் சொற்கள் எல்லாம் மாமன் மருமகன் கேலியாக நின்றுவிடுவதில்லை. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் அணி என்பது பலவிடங்களில் ஊராக இருப்பதில்லை, தெருவாக இருக்கிறது. தெரு என்பது சாதியாக இருக்கிறது. மாமன் என்றும் மச்சான் என்றும் அழைக்கும் உறவு, சாதி எல்லையோடு நின்றுவிடுகிறது. முறைவைத்து அழைக்க வாய்ப்பில்லாத இடத்தில் கேலிக்கு எல்லைக்கோடு இல்லை. அங்கே சொல் விரைவில் கல்லாக மாறுகிறது. 1994இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடி, 1995ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது பெற்ற மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவி, மாரி செல்வராஜ் இயக்கத்தில் 2025இல் ‘பைசன்’ என்னும் திரைப்படம் வந்தது. சாதிப் பகை சூழ்ந்த மண்ணில் ஓர் இளைஞன் களத்தை அடைவதே எத்தனை பெரிய ஆட்டம் என்பதை அப்படம் காட்டியது. 13 மீட்டர் நீளக் களத்தில் எவரும் எவரையும் தொடலாம்; தொட்டே ஆகவேண்டும். பிடிப்பவன் காலைப் பற்றுகிறான், தோளை அணைக்கிறான், ஒருவர் வியர்வை மற்றவர் மேல் படிகிறது. தீண்டாமை என்ற சொல்லுக்கே இடமில்லாத ஆட்டத்தை, தீண்டாமை மறையாத தெருக்கள் ஆடிக்கொண்டிருக்கின்றன. இந்த முரணை உணராத எதிர்பார்ப்பு ஆபத்தானது.

இங்கேதான் கவிஞர்களின் பணி தொடங்குகிறது. ஆட்டத்தைக் காலும் கையும் நடத்துகின்றன. முந்தைய நாளையோ சொல்லே நடத்துகிறது. துண்டறிக்கையின் வாசகம், சுவரொட்டியின் அடைமொழி, ஒலிபெருக்கியில் இரவெல்லாம் ஒலிக்கும் வர்ணனை ஆகிய அனைத்தும் சொற்கள். இவற்றை எழுதவும் பேசவும் ஒவ்வோர் ஊரிலும் ஓர் இளைஞனைத் தேடுகின்றனர். பெரும்பாலும் அவன் கவிதை எழுதிப் பழகியவன். இலக்கியக் கூட்டங்களின் கடைசி வரிசையில் வந்து அமர்பவன். அடைமொழியில் சாதியைச் சேர்ப்பதும் நீக்குவதும் அவன் கையில் உள்ளது. வந்திறங்கும் வெளியூர் அணியை எள்ளி அறிவிப்பதும், எதிர்கொண்டு அழைப்பதும் அவன் நாவில் உள்ளன. மறைந்துவரும் சடுகுடுப் பாட்டுகளைத் தொகுப்பதும் குலப்பெருமையை விலக்கிய புதிய பாட்டுகளைப் பாடிச் செல்வோர்க்கு இயற்றித் தருவதும் இவ்விரு மாவட்டக் கவிஞர்களும் கூடிச் செய்யத்தக்க பணி.

ஆட்டம் முடிந்தபின் ஒருவர் வென்றவர், மற்றவர் தோற்றவர். முந்தைய இரவில் மட்டுமே இருவரும் சமம். அந்த இரவில் பெரம்பலூரும் தோற்கவில்லை, அரியலூரும் தோற்கவில்லை. அச்சமநிலை நிற்கும் பொழுதுக்குள், எதிரியை எதிர்கொள்ளற்கு உரியவனாக மாற்றும் சொற்களைச் சொல்லிவிட வேண்டும். விடிந்தால் நடுவர் ஊதல் ஒலித்துவிடும்.