பள்ளிக்கூடப் பணம் யாருடையது?



இந்த மேல்மலையனூரில் அமாவாசை இரவு ஊஞ்சல் உற்சவத்தில் போடும் உண்டியல் காசுக்கு நீங்கள் கணக்குக் கேட்பதில்லை. அது உங்கள் இஷ்டம். ஆனால், செருப்பு வாங்கினாலும் நம்மிடம் பிடுங்குகிற வரிக்குமா கணக்குக் கேட்கக்கூடாது?

'சமக்ர சிக்ஷா' என்னும் பள்ளித் திட்டச் செலவில் நூற்றுக்கு 60 டில்லி சர்க்காரும் 40 சென்னை சர்க்காரும் தரவேண்டியது. 2024-25க்கு டில்லி தரவேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாய் நிறுத்தப்பட்டது. காரணமென்ன? கணக்கில் புரட்டா? இல்லை. 'பி.எம்.ஸ்ரீ' என்ற வேறொரு திட்டத்தில் கையெழுத்திட்டு, மும்மொழியோடுகூடிய 2020ஆம் வருஷக் கல்விக் கொள்கையை ஏற்கவேண்டுமாம்! நிலத்தை எழுதிக் கொடுக்காதவனுக்கு அறுப்புக் கூலியை நிறுத்துகிற மிராசுதார் புத்திக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

உடல் ஊனமுள்ள பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் உபாத்தியாயர் சம்பளம், ஏழைப் பெண்பிள்ளைகளின் கஸ்தூரிபா விடுதிச் செலவு, இவையெல்லாம் இந்தப் பணத்தில் நடப்பவை.

சென்னை சர்க்கார் 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று; சொந்த நிதியைப் போட்டும் சமாளித்தது. மெச்சுகிறோம். ஆனால் அந்தச் சொந்த நிதியும் நமது வரிதானே? ஒரே செலவுக்கு இரண்டு தரம் கொடுத்தவர்கள் நாம்!

நிற்க. தனியார் பள்ளிகளில் ஏழைகளுக்குள்ள இலவச இடங்களின் சேர்க்கை 2025இல் அக்டோபர் வரை இழுத்தடிக்கப்பட்டதை நாம் ஒப்பமாட்டோம். டில்லி தராவிட்டாலும் அது ராஜ்ய சர்க்காரின் கடமையே என்று சென்னை ஹைக்கோர்ட்டு ஜூன் மாதமே சொல்லியிருந்தது. இரண்டு சர்க்கார் வழக்காடட்டும். ஆறு வயதுப் பிள்ளை ஏன் வாசலில் நிற்கவேண்டும்? ஓட்டுக் கேட்டு இங்கு வருகிற எக்கட்சிக்காரரிடமும் இதை முதலில் கேளுங்கள்.