விண்மீனின் நிறமும் வயதும்

கொல்லன் உலையிலிட்ட இரும்பு முதலிற் செந்நிறமாய்க் கனன்று, வெப்பம் ஏற ஏற மஞ்சளாகிப் பின்னர் வெண்மையுறும். விண்மீனின் நிறமும் அவ்வாறே அதன் மேற்பரப்பு வெப்பநிலையைக் காட்டுவதாகும். ஆண்டுக் கணக்கை அது நேரே உரைப்பதில்லை. செந்நிறத் திருவாதிரை தோன்றி ஏறத்தாழ 1 கோடி ஆண்டுகளே ஆயின. ஞாயிற்றுக்கோ வயது 460 கோடி ஆண்டுகள். எனினும் முதுமையெய்தியது திருவாதிரையே. திணிவு மிக்க அம்மீன் தன் ஐதரசனை விரைந்து செலவிட்டுப் பருத்தது; மேற்பரப்புக் குளிர்ந்து சிவந்தது.

அங்ஙனமாயின் நிறத்தைக்கொண்டு வயதை அறிதல் இயலாதோ? ஒருங்கே பிறந்த விண்மீன் கூட்டத்தில் அஃது இயலும். அங்கே திணிவு மிக்க நீல மீன்களே முதலில் மடியும். கார்த்திகைக் கூட்டத்தில் அவை இன்றும் ஒளிர்கின்றன. அதன் வயது ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளே. 1,000 கோடி ஆண்டுகளைக் கடந்த கோளக் கொத்துக்களிலோ இளநீல மீன்கள் மறைந்துபோக, செம்மை படர்ந்த மீன்களே மேலோங்கி நிற்கின்றன.

மாரிக்கால இரவில் திருவாதிரையும் கார்த்திகையும் வெறுங்கண்ணுக்கே புலப்படும். சிவந்தது நெடுநாள் வாழ்ந்ததென்று எண்ணுவோர் அவ்விரண்டையும் ஒருமுறை நோக்குவாராக.