ஹ்லைங் தாயாரின் ஞாயிற்றுக்கிழமை வகுப்புகள்



மியான்மரின் யாங்கோன் நகருக்கு மேற்கே ஹ்லைங் தாயார் என்றொரு பகுதி. 2008-இல் நர்கிஸ் புயல் ஐராவதி டெல்டாவைச் சூறையாடிய பிறகு, வயலும் வீடும் இழந்த குடும்பங்கள் பல வந்து குடிசை போட்ட இடம். அந்தக் குடும்பத்துப் பெண்பிள்ளைகள்தான் ஆயத்த ஆடை ஆலைகளுக்குள் போனார்கள். சங்கம் சேரும் உரிமைக்கான சர்வதேச உடன்படிக்கையை 1955-லேயே ஏற்றுக்கொண்ட நாடு அது. ஆனால் 1962-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதற்குப் பிறகு ஏறத்தாழ அரை நூற்றாண்டு, நாட்டுக்குள் சட்டப்படி இயங்கிய சுதந்திரமான சங்கம் ஒன்றுகூடக் கிடையாது!

2011-இல் சட்டம் வந்தது. 30 பேர் இருந்தால் சங்கம் பதியலாம் என்றது. சட்டம் வந்தால் போதுமா? அதைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டாமா?

தாய்லாந்து எல்லையில் அகதிகளாக இருந்து வகுப்பு நடத்திய சங்கத்தார் திரும்பி வந்தார்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் பயிற்சியாளர்களும் வந்தார்கள். வாரத்தில் கிடைக்கும் ஒரே ஓய்வு நாளில் வகுப்பு. சம்பளத்தில் எதைப் பிடிக்கலாம், எதைப் பிடிக்கக் கூடாது, ஓவர்டைம் கூலி எப்படிக் கணக்கு, முதலாளிக்கு எதிரே உட்கார்ந்து எப்படிப் பேசுவது... இதெல்லாம் பாடம். அந்த ஆண்டுகளில்தான், 2015-இல் முதன்முறையாகக் குறைந்தபட்ச நாள் கூலி 3,600 கியாட் என்று நிர்ணயமானது, 2018-இல் 4,800.

“பசித்தவனுக்குப் பாடம் எதற்கு, அரிசி மூட்டையைக் கொடு” என்கிறார்கள் சிலர். அவர்களுக்குப் பதில் 2021 பிப்ரவரி 6!

பிப்ரவரி 1-இல் ராணுவம் மீண்டும் ஆட்சியைப் பறித்தது. ஊரே திகைத்து நின்றபோது, ஆறாம் தேதி யாங்கோன் வீதியில் முதலில் திரண்டவர்களில் முன்வரிசை ஆடை ஆலைப் பெண்கள். தையல் எந்திரத்திலிருந்து எழுந்து சங்கத் தலைவியான மோ சந்தர் மின்ட்டும் அந்தப் பெண்களோடு நடந்தார். அரிசி மூட்டையா அவர்களை வீதிக்குக் கொண்டுவந்தது?

அந்த மாதமே 16 தொழிலாளர் அமைப்புகள் சட்டவிரோதம் என்று அறிவிக்கப்பட்டன. மார்ச் 14-இல் ஹ்லைங் தாயாரில் 60-க்கு மேற்பட்டோர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். இரண்டு நாள் கழித்து ஒரு காலணி ஆலையில் கூலி கேட்டுக் கூடிய தொழிலாளர் நடுவே ராணுவம் நுழைந்தது. முன்னால் நின்று பேசிய பெண்ணைச் சுட்டுவிட்டதாக அன்றைய செய்திகள் கூறின. தோழர்களே, கூலிக்கணக்குதான் கேட்டாள் அந்தப் பெண்! துப்பாக்கி எதற்கு அஞ்சியது என்று யோசியுங்கள்.

தலைவர்கள் சிறைக்கும் நாடு கடந்தும் போனார்கள். ஆகவே, பத்துத் தலைவர்களை மட்டும் ஹோட்டல் அறையில் உட்கார வைத்துப் பயிற்சி தருவது அத்தகைய நாட்டுக்கு உதவாது. ஒரு தலைவியைப் பிடித்துப் போனால் அடுத்த எந்திரத்தில் இருப்பவள் எழுந்து பேச வேண்டும். அதற்கு ஆலை ஆலையாக, வரிசை வரிசையாக வகுப்பு வேண்டும்.

2025 ஜூனில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் மாநாடு, அமைப்பின் சாசனத்தில் விதி மீறும் நாட்டின் மீது நடவடிக்கைக்கு வழிசெய்யும் 33-ஆம் பிரிவின்கீழ் மியான்மர் மீது தீர்மானம் நிறைவேற்றியது. அந்த அமைப்பின் நூறாண்டு கடந்த வரலாற்றில் அந்தப் பிரிவு மூன்றே முறைதான் பயன்பட்டிருக்கிறது. தீர்மானம் அரசாங்கங்களின் வேலை. வகுப்பு நம் வேலை. இங்குள்ள ஒவ்வொரு சங்கமும் சந்தாவில் ஒரு பங்கை மியான்மர் தொழிலாளர்களுக்கான அந்த வகுப்புகளுக்கு ஒதுக்குங்கள். இந்த ஆண்டு வரவுசெலவிலேயே ஒதுக்குங்கள்!